கைக்குட்டை திருடிய பெண்ணைக் கப்பலேற்றினார்களா?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது: "இங்கிலாந்தில் ஒரு கைக்குட்டை திருடிய பெண்ணைக்கூட ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன். அப்படிப் போனவர்கள் எல்லாரும் விலைமாதர்கள், பழகிய திருடிகள் என்று இன்னோரிடத்தில் இருந்தது. எது உண்மை?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. திருட்டு எவ்வளவு சின்னது என்பது ஒன்று; திருடியவள் எப்படிப்பட்டவள் என்பது மற்றொன்று. காலனியக் காலத்துச் சட்டத்தையும் சிறையையும் கல்லூரியில் பாடமாக நடத்தியவள் நான். லண்டன் வழக்குப் பதிவுகளையும் டாஸ்மேனியாவின் கைதிப் பதிவேடுகளையும் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். நீங்கள் படித்த இரண்டு கதைகளும் பாதிப் பாதிதான் சரி. இரண்டிலும் விட்டுப்போன விஷயம் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது: அந்தப் பெண்களுக்குப் போவதற்குக் கப்பல் இருந்தது, திரும்பி வருவதற்கு ஒரு ஏற்பாடும் இல்லை.

முதலில் சந்தேகமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1788 முதல் 1868 வரை தண்டனையாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட கைதிகள் 1,60,000-க்கும் மேல். அவர்களில் பெண்கள் ஏறத்தாழ 25,000 பேர். நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்புவது 1840-இல் நின்றது. அன்று வான் டீமன்ஸ் லேண்ட் என்று பெயர் கொண்டிருந்த டாஸ்மேனியாவுக்கு 1853 வரை அனுப்பினார்கள். கடைசியாகக் கைதிகளைப் பெற்ற மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் பெண் கைதிகளை அனுப்பவேயில்லை. ஆஸ்திரேலியாவுக்கு முன்னால் இந்தப் பாரத்தைச் சுமந்தது அமெரிக்கா; அங்கே போன ஆண், பெண் கைதிகள் சுமார் 50,000 பேர். அமெரிக்க விடுதலைப் போர் அந்த வழியை அடைத்த பிறகுதான் சிட்னி யோசனையே பிறந்தது. பெண்களில் மிகப் பெரும்பாலோர் மீதிருந்த குற்றம் திருட்டு. திருடிய பொருள்களில் முதலிடம் துணிக்கு.

இனி, திருட்டின் அளவு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டத்தில் ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ், ஒரு கோடு. அதற்குக் கீழே சில்லறைத் திருட்டு, மேலே பெருந்திருட்டு. கடையில் யாரும் பார்க்காதபடி 5 ஷில்லிங் மதிப்புள்ள சரக்கை எடுத்தால் தூக்கு. ஒருவர் வீட்டுக்குள் 40 ஷில்லிங் பொருளை எடுத்தாலும் தூக்கு. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. லண்டனில் வேலைக்காரப் பெண்ணுக்குச் சாப்பாடும் இடமும் போக வருடத்துக்கு 6 பவுண்டிலிருந்து 10 பவுண்டு வரை கிடைத்தால் அதுவே நல்ல வேலை. எஜமானியின் ஒரு பட்டு மேலாடையை எடுத்தாலே அவள் கழுத்துக்குக் கயிறு வந்துவிடும்.

ஜூரிகளில் உட்கார்ந்தவர்களும் மனிதர்கள்தான். ஒரு துணிக்காக ஒரு பெண்ணைத் தூக்கில் போட அவர்களில் பலருக்கு மனம் வரவில்லை. அதனால் பொருளின் மதிப்பைத் தெரிந்தே குறைத்து எழுதினார்கள். தீர்ப்புகளில் '39 ஷில்லிங்', '4 ஷில்லிங் 10 பென்ஸ்' என்ற தொகைகள் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் தூக்கு போய் ஏழு வருட தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்து அனுப்பும் தண்டனை, வரும். அவர்கள் காட்டிய கருணை அது. ஆனால் இன்றைக்குப் படிப்பவர் அந்தத் தொகையை நிஜ விலை என்று எடுத்துக்கொண்டு, "இத்தனை அற்பத் திருட்டுக்கா?" என்று வியக்கிறார். பல வழக்குகளில் உண்மையான விலை அதைவிட அதிகம். கைக்குட்டை விஷயமும் அப்படித்தான். பட்டுக் கைக்குட்டை அன்று சாதாரணப் பொருளில்லை; அடகுக்கடையில் உடனே காசாகும். அதற்காக, அற்பத் திருட்டுக் கதை முழுவதும் கட்டுக்கதை என்றும் சொல்லிவிட முடியாது. 1787-இல் புறப்பட்ட முதல் கப்பல் தொகுதியில் எலிசபெத் பெக்ஃபோர்டு என்ற வயதான பெண் இருந்தார். அவர் எடுத்தது 12 பவுண்டு எடை சீஸ், அதாவது ஐந்தரைக் கிலோ. தண்டனை ஏழு வருடம். பயணத்திலேயே இறந்துபோனார்.

ஒரு வழக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். 1789 ஜனவரி 14, லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றம். குற்றவாளிக் கூண்டில் இரண்டு சிறுமிகள். ஜேன் வைட்டிங்குக்குப் பதினாலு வயது. மேரி வேடுக்குப் பதினொன்று என்கிறார்கள் சிலர், பதிமூன்று என்கிறார்கள் சிலர். மேரி தெருக்கூட்டியும் பிச்சையெடுத்தும் பிழைத்தவள். பொதுக் கழிப்பறைக்கு வந்த எட்டு வயதுக் குழந்தை ஒருத்தியைப் பிடித்து, அவள் போட்டிருந்த பருத்திக் கவுனையும் தோள்துண்டையும் லினன் தொப்பியையும் இருவரும் உருவிக்கொண்டார்கள். கவுன் நேராக அடகுக்கடைக்குப் போனது. தோள்துண்டு மேரியின் அறையில் அகப்பட்டது. இதைத் திருட்டாக வைத்திருந்தால் சில வருடத் தண்டனையோடு போயிருக்கும். ஆளை மிரட்டி அவர் உடம்பிலிருந்து பறித்ததால் வழிப்பறி ஆனது. வழிப்பறிக்குத் தூக்கு. தீர்ப்பும் தூக்குதான், இருவருக்கும்.

அந்த மார்ச்சில் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனநோய் தெளிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அந்த மகிழ்ச்சியையொட்டி, தூக்குக்குக் காத்திருந்த பெண்களுக்கு மன்னிப்பு வந்தது. நிபந்தனை, கடல் கடந்து போக வேண்டும் என்பது. அடுத்த மாதம் அவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்து, ஏற்கிறாயா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். சிலர் மறுத்துவிட்டார்கள். இந்தப் பதிவை எத்தனை முறை படித்தாலும் என்னால் கடந்து போக முடிவதில்லை. சாவைவிட அந்தப் பயணம் கொடிது என்று நினைத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். சாரா கௌடன் என்ற பெண் மறுத்த காரணம் வேறு. தன்னோடு தண்டிக்கப்பட்ட சாரா ஸ்டோரர் நிரபராதி, அவள் தண்டனையைக் குறைத்தால் தனக்கு எதைக் கொடுத்தாலும் ஏற்கிறேன் என்றாள். நீதிபதிகள் மிரட்டினார்கள்: ஒப்புக்கொள்ளாவிட்டால் தூக்கு உறுதி. நாள் கடந்து, எல்லாருமே ஒப்புக்கொண்டார்கள். மேரி வேட் 'லேடி ஜூலியானா' கப்பலில் ஏறினாள்.

துணித் திருட்டுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஏழை வீட்டில் காசாகக்கூடிய பொருள் என்றால் துணி ஒன்றுதான். ஒற்றை அறையைச் சாமான்களோடு வாடகைக்கு விடுவார்கள். படுக்கை விரிப்பு, கம்பளி, கெண்டி எல்லாம் வீட்டுக்காரருடையவை. கூலி வராத வாரம் குடியிருப்பவள் விரிப்பைக் கொண்டுபோய் அடகு வைப்பாள், கூலி வந்ததும் மீட்டுக் கொண்டுவந்து விரித்துவிடுவாள். இது ஊரறிந்த வழக்கம். மீட்பதற்கு முன்னால் வீட்டுக்காரி பார்த்துவிட்டால் வழக்கு. "திருப்பி வைத்துவிடத்தான் இருந்தேன்" என்ற வாக்குமூலம் இந்த வழக்குகளில் சலிக்கச் சலிக்க வரும். அது சட்டத்தின் முன் நிற்கவில்லை. குடியிருந்த அறையிலிருந்து எடுப்பதைக் குற்றமாக்கி 1691-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அடகுக்கடைக்காரரே சாட்சிக் கூண்டில் ஏறி, இவள்தான் கொண்டுவந்தாள், இத்தனை பென்ஸ் கொடுத்தேன் என்று சொல்வார். வீட்டு வேலைக்காரிகள் கதையும் இதே மாதிரிதான். நற்சான்று இல்லாமல் வேலையை விட்டு நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அடுத்த வீட்டில் இடம் கிடைக்காது. அப்படி நின்றவர்கள் கூண்டில் ஏறியதை வரிசையாகக் காணலாம்.

உங்கள் இரண்டாவது கேள்வி, விலைமாதர்கள் என்ற பேச்சு. ஒன்று உறுதி: விபசாரத்துக்காக யாரையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப முடியாது, அது அந்தத் தண்டனைக்குரிய குற்றமே இல்லை. பிறகு இந்தப் பெயர் எப்படி வந்தது? ஒரு பகுதி, கப்பல் அதிகாரிகளும் பாதிரிமார்களும் எழுதிவைத்தது. சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார் 1806-இல் காலனியின் பெண்களைப் பட்டியலிட்டார். ஆங்கிலேயத் திருச்சபையில் நடந்த கல்யாணம் மட்டும்தான் அவர் கணக்கில் கல்யாணம். கத்தோலிக்க முறையில் மணந்தவர்களும், ஒரே ஆணோடு பல வருடம் குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றவர்களும் வைப்பாட்டிகளாக எழுதப்பட்டார்கள். 1,430 பெண்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த முத்திரை விழுந்தது. அந்தப் பட்டியல் லண்டனில் பரவியது, பிற்கால வரலாற்றாசிரியர்கள் பலர் அதை அப்படியே நம்பினார்கள். டாஸ்மேனியப் பதிவேடுகளில் சில பெண்களின் பெயருக்கு எதிரே இத்தனை மாதம் தெருவில் இருந்தாள் என்ற குறிப்பு இருப்பது உண்மை. அவளே சொன்னதா, குமாஸ்தா ஊகித்து எழுதினாரா என்பதை அந்தப் பக்கத்தை வைத்துத் தீர்மானிக்க வழியில்லை. அதனால் சதவீதக் கணக்கு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வேலையில்லாத மாதங்களில் சிலர் அந்த வழியில் பிழைத்திருப்பார்கள். அதனால் அது அவர்களுடைய தொழில் ஆகிவிடாது. பழகிய திருடிகள் என்பதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. 1820-களுக்குப் பிறகு போனவர்களில் பலருக்கு முன்தண்டனை இருந்தது, ஸ்காட்லாந்துப் பெண்களில் குறிப்பாக. ஆனால் 1980-களிலிருந்து பதிவேடுகளின் தொழில் பத்தியை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது சமையல்காரிகள், சலவைக்காரிகள், தையல்காரிகள், பால்கறப்பவர்கள். அன்றைய பிரிட்டிஷ், ஐரிஷ் உழைக்கும் பெண்கள் எப்படியோ அப்படியேதான் இவர்களும்.

தண்டனை பெற்ற எல்லாரையும் அனுப்பவில்லை என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பலர் உள்ளூர்ச் சிறையிலேயே காலத்தைக் கழித்தார்கள். முதல் கப்பல்களுக்குப் பிறகு அரசு தேடியது உடல்நலமுள்ள, பிள்ளை பெறும் வயதுப் பெண்களை. காலனியில் ஆண்கள் பெண்களைப்போலப் பல மடங்கு இருந்தார்கள். 1786-இல் எழுதிய ஆரம்பத் திட்டத்திலேயே பசிபிக் தீவுகளிலிருந்து பெண்களைக் கொண்டுவரலாம் என்ற யோசனை இருக்கிறது. ஆளுநர் ஆர்தர் பிலிப், அவர்கள் அங்கே துயரத்தில் வாடித்தான் சாவார்கள் என்று எழுதி அதைத் தள்ளினார். அந்த இடத்தை நிரப்ப லண்டன் சிறைகளில் பெண்கள் இருந்தார்கள். ஒரே திருட்டுக்கு ஒரே தண்டனை பெற்ற இருவரில் இருபது வயதுக்காரி கப்பலேறுவாள், அறுபது வயதுக்காரி உள்ளூர்ச் சிறையிலேயே கிடப்பாள். அந்த இடத்தில் குற்றத்தின் கனத்துக்கு வேலையில்லை; அவள் உடம்பால் காலனிக்கு என்ன பயன் என்பதே கேள்வி. இந்தக் காலனியும் ஆளில்லாத நிலத்தில் எழவில்லை. சிட்னி நிலம் பூர்வகுடி மக்களுடையது. தண்டிக்கப்பட்ட இந்தப் பெண்களை வைத்தே அவர்கள் மண்ணில் குடியேற்றம் வேர்விட்டது.

பயணத்தைப் பற்றிப் பரவலாக இருக்கும் பயம் சில கப்பல்களுக்குத்தான் பொருந்தும். 1790-இல் வந்த 'நெப்டியூன்' உள்ளிட்ட மூன்று கப்பல்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் செத்தார்கள். அதே ஜூனில் முன்னதாக வந்த 'லேடி ஜூலியானா'வில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களில் இறந்தவர்கள் மிகச் சிலரே. 1815 வாக்கில் ஒவ்வொரு கப்பலுக்கும் பொறுப்பு மருத்துவர் வந்தபின் சாவு நன்றாகக் குறைந்தது. விபத்து நடந்தபோதோ கொடூரமாக நடந்தது. 1833 ஆகஸ்ட் 31 அன்று 'ஆம்ஃபிட்ரைட்' கப்பல் பிரான்சின் பூலோன் கரைக்கு அருகில் தரைதட்டியது. கரையிலிருந்து உதவி வந்தும், கைதிப் பெண்கள் தப்பிவிடுவார்கள் என்று கப்பல் தலைவர் அவர்களைக் கரையில் இறக்கிவிட மறுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பெண்களும் பன்னிரண்டு குழந்தைகளும் மூழ்கினார்கள். பிழைத்தவர்கள் மாலுமிகள் மூன்று பேர்.

இன்னொரு கப்பல், 1841-இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்துக்கு வந்த 'ராஜா'. சிறைச் சீர்திருத்தக்காரர் எலிசபெத் ஃப்ரையின் குழுவினர் கப்பலேறும் பெண்களுக்கு ஊசி, நூல், துண்டுத் துணிகள் கொண்ட பை ஒன்றைக் கொடுத்துவந்தார்கள். சுமார் 180 பெண்கள் போன அந்தக் கப்பலில் சிலர் சேர்ந்து 2,815 துண்டுகளை இணைத்து ஒரு பெரிய ஒட்டுப்போர்வை தைத்தார்கள். நன்றாகத் தைக்கத் தெரிந்தவள் போட்ட தையலும், இப்போதுதான் ஊசி பிடித்தவள் போட்ட தையலும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. சில இடங்களில் ஊசி குத்திய இரத்தக் கறையும் உண்டு. துணி திருடித் தண்டனை பெற்றவர்களும் இருந்த கூட்டம் செய்த வேலை அது. இன்று ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இறங்கியதும் பெரும்பாலோரைக் குடியேறியவர்களின் வீடுகளுக்குக் கூலியில்லா வேலைக்காரிகளாக ஒதுக்கினார்கள். நல்ல எஜமானி அமைந்தால் பிழைப்பு நடக்கும். எதிர்த்துப் பேசினாலோ குடித்தாலோ சொல்லாமல் வெளியே போனாலோ, பெண்கள் தொழிற்கூடம் என்ற சிறைக்கு அனுப்பப்படுவாள். சிட்னிக்கு அருகே பாரமட்டாவில் ஒன்று. ஹோபார்ட்டில் பழைய சாராய வடிப்பாலையை மாற்றி 1828-இல் திறந்த கேஸ்கேட்ஸ் இன்னொன்று. அங்கே கைதிகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார்கள். கடைசி வகுப்பின் உடுப்பில் மஞ்சள் நிறத்தில் பெரிய 'சி' எழுத்து. காலை முதல் மாலை வரை சலவைத் தொட்டி. அந்தப் பெண்கள் மிகவும் வெறுத்த தண்டனை தலைமுடியை ஒட்ட வெட்டுவது. 1827-இல் ரேஷனைக் குறைத்தபோது பாரமட்டா பெண்கள் கதவை உடைத்து ஊருக்குள் புகுந்து உணவை எடுத்துக்கொண்டார்கள், படை வந்துதான் அடக்கியது. எனக்கு மனம் ஆறாத இடம் கேஸ்கேட்ஸின் குழந்தைகள் அறை. வேலை செய்த வீட்டில் கர்ப்பமானவள் இங்கே அனுப்பப்பட்டாள். பால் மறந்ததும் குழந்தையைப் பிரித்துவிட்டு, கர்ப்பமானதற்காக ஆறு மாதம் கடைசி வகுப்பில் போட்டார்கள். பிழைத்த குழந்தைகள் அநாதைப் பள்ளிக்குப் போனார்கள்; நிறையக் குழந்தைகள் பிழைக்கவில்லை. தகப்பன், அது எஜமானனே ஆனாலும், பெரும்பாலும் தண்டிக்கப்படவில்லை.

ஏழு வருடம் முடிந்தால் விடுதலைச் சீட்டு உண்டு, ஊருக்குத் திரும்பக் கப்பல் கூலி கிடையாது. ஆண் ஒருவன் மாலுமியாக வேலை செய்துகொண்டே திரும்பிவிடலாம். பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே ஏழு வருடம் என்று எழுதியது அவளுக்கு ஆயுளாகவே முடிந்தது. ஊரில் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். மறுமணத்துக்கு ஆளுநரின் அனுமதி வேண்டும். கப்பல் பட்டியலில் கல்யாணமானவள் என்றிருந்தால் அனுமதி மறுக்கப்படும். சில வருடம் கழித்து, புருஷன் இறந்துவிட்டதாக ஊரிலிருந்து கடிதம் வந்தது என்று சொல்லி மறுபடி மனுப் போட்டவர்கள் இருக்கிறார்கள். கடிதம் நிஜமா என்று சோதிக்க யாராலும் முடிந்திருக்காது. அந்நிய ஊரில் தனியாகக் கிடந்தவளிடம் அந்தப் பொய்யைக் குற்றமாகப் பார்க்க எனக்கு மனமில்லை.

மேரி ரெய்பி குதிரை திருடிப் பிடிபட்டு, பிறகு சிட்னியின் பெரும் வணிகரானார். இன்று ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருக்கிறார். கறுப்புப் பட்டு லேஸ் திருடிய எஸ்தர் ஏப்ரஹாம்ஸ், 1808-இல் ஆளுநரைக் கவிழ்த்த அதிகாரி ஜார்ஜ் ஜான்ஸ்டனின் மனைவியானார். மேரி வேட் 1859-இல் இறந்தபோது உயிரோடிருந்த வாரிசுகள் முந்நூறுக்கும் மேல் என்கிறார்கள். இவை உண்மைக் கதைகள், ஆனால் இவற்றை வைத்து 25,000 பேரின் வாழ்வும் நல்லபடி அமைந்தது என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலோர் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்து, பெயர் தெரியாமல் போனவர்கள்.

நம் பக்கத்து அந்தமானோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. இரண்டும் தீவாந்தர தண்டனைதான், ஆனால் 1858-க்குப் பிறகு அந்தமானுக்குப் போன பெண்கள் மிகக் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் மீதிருந்தது கொலைக் குற்றம், சிசுக்கொலையும் சேர்த்து. சில்லறைத் திருட்டுக்கு அங்கே அனுப்பும் வழக்கம் இல்லை. சென்னை மாகாணத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கைதிகள் போனது அதற்கு முந்தைய கதை. அங்கேயும் பெண்கள் சொற்பம்.

மேலே படிக்க விரும்பினால், ஓல்டு பெய்லி வழக்குகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குற்றவாளி பெண், தண்டனை கடல் கடத்தல் என்று தேடலாம். டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகளும் ஸ்கேன் செய்யப்பட்டுள்ளன: உயரம், கண் நிறம், மூக்கு, அம்மைத் தழும்பு, கையில் குத்திய பச்சை வரை எழுதியிருப்பார்கள். அயர்லாந்துப் பெண்களைத் தேடினால்தான் சிரமம். 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தபோது நீதிமன்றப் பதிவுகளில் பெரும்பகுதி சாம்பலானது. ஆனால் வேறிடத்தில் இருந்த கருணை மனுக்கள் தப்பின. பிள்ளையைக் கூடவே அனுப்புங்கள் என்று கேட்பவை, என்னையும் அவளோடு அனுப்புங்கள் என்று புருஷன் கேட்பவை அவற்றில் இருக்கின்றன. அந்த மனுக்களிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.